கமறாத மிளகாய்

என்னைக் கோபக்காரி என்பார்கள் எங்கள் வீட்டில். என் ஓரகத்தியோடு ஒரு சீசன் குப்பை கொட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். தென்காசியில் கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் எங்கள் வீடு. கீழே அக்கா குடும்பமும் மாமியாரும், மாடியில் நாங்கள். சமையல் ஒன்றாகத்தான் நடந்தது. அதனால் அவளை நான் காலை காப்பியிலிருந்து ராத்திரி பால் உறை ஊற்றுகிற வரைக்கும் பார்த்தாக வேண்டியிருந்தது.

அவளுக்கு ஒரு வியாதி. யாரிடம் எது நன்றாக இருந்தாலும் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். எல்லாரையும் போல ‘சூப்பர்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அவள் அப்படிச் சொல்ல மாட்டாள். கூர்ந்து பார்த்து, வேறு யார் கண்ணிலும் படாத ஒன்றைப் பிடித்து, நிதானமாகச் சொல்லுவாள். ஒருதடவை பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறோம். பின்னாலிருந்து கூட்டம் என்னை இடிக்கிறது, என் கையில் இரண்டு கட்டைப்பை. இவள் படியில் நின்றுகொண்டு கண்டக்டரிடம் பேசுகிறாள்.

“தம்பி, அந்தப் பெரியவரு காலு தரையில ஊனுத வரைக்கும் விசில் அடிக்காம நின்னீகள்லா? நல்லாருங்க.”

கண்டக்டர் திட்டு விழப்போகிறது என்று நினைத்துப் புருவத்தைச் சுருக்கி வைத்திருந்தார். பாவம், அந்தப் புருவத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, “எறங்குங்கக்கா, சாவடிக்காதீக” என்றேன்.

கண்டக்டரோடு போனால் பரவாயில்லை. ஊர் அப்படிப்பட்ட ஊரில்லையே. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்று நம்புகிறவர்கள் நாங்கள். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் ‘என்ன, இப்படி மெலிஞ்சிட்டான்’ என்றுதான் விசாரிப்போம். யாராவது ஒன்றை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் இங்கே கை மிளகாய் டப்பாவைத் தேடும். இந்த ஊரில் ஒருத்தி வாய்விட்டுப் பாராட்டிக்கொண்டே திரிந்தால் என்ன ஆகும்? அவளைக் கண்டதும் புதுச் செயின் சேலைத் தலைப்புக்குள் போனது. கன்னத்தில் ஏற்கெனவே பொட்டு வைத்த குழந்தைக்கு உள்ளங்காலிலும் ஒன்று வைத்தார்கள். அவளுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் சொன்னாள். அதுதான் எனக்கு ஆத்திரம்.

நானும் அந்த ஊர்க்காரிதானே. ஒரு தீபாவளிக்கு நான் மயில்கழுத்து நிறத்தில் பட்டு எடுத்தேன். மற்றவர்கள் எங்கே எடுத்தாய், எவ்வளவு என்று கேட்டார்கள். அக்கா மட்டும் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “ஏட்டி, நீ கடையில நாலு மணி நேரம் நின்னது வீண் போவல. இந்தக் கரை உன் நெறத்த எடுத்துக் காட்டுது” என்றாள். அரைமணி நேரத்தில் என் மகன் சாம்பார் வாளியோடு என் மேல் மோதினான். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். அவள் ஓடிவந்து சேலையை அலசிக்கொண்டே, “கறை போயிரும்ட்டி” என்றாள். போகவில்லை.

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தமிழ்நாட்டுக்கே விடுமுறை. தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அது கிடையாது. எங்கள் நாத்தனார் குடும்பம் வருஷம் தவறாமல் சென்னையிலிருந்து வரும். வந்தால் ஒரு வாரம், பத்து நாள். காலையில் ஐந்தருவி, மாலையில் பழைய குற்றாலம், நடுவில் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடு. ஈரத் துண்டுகள் கொடியில், நாற்காலியில், கதவில், டிவி மேலே. சாரலில் எதுவும் காயாது. வீடு முழுக்க ஒரு மொச்சை வாடை. “எப்படி மதினி இங்க இந்தச் சின்ன அடுப்பங்கரையில சமாளிக்கிறீங்க?” என்று நாத்தனார் கேட்பாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்தக் கேள்வியிலேயே கண்ணீர் வந்துவிடும். அவளுடைய காரைப் பார்த்தால் எனக்கு எரியும், அவள் கையில் நகப்பூச்சு உரியாமல் இருப்பதைப் பார்த்தாலும் எரியும். இதை மறைக்க என்ன இருக்கிறது?

இந்த லட்சணத்தில் ஒரு சீசனில் அக்கா வாசலுக்குப் போய், நாத்தனார் புருஷனிடம், “மாப்பிள்ள, நம்ம சந்துக்குள்ள ஒரு செவுத்துலயும் ஒரசாம கார ரிவர்ஸ்லயே கொண்டு வந்தீகளே, அதுவும் கோலத்து மேல டயர் ஏறாம!” என்றாள். கோலத்தை அவர் கவனித்தார் என்பது அவர் மனைவிக்கே தெரியாது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் டயர் தரையோடு கிடந்தது. சந்து முழுக்க யார் வீட்டிலோ கட்டடம் கட்டி ஆணியாகக் கொட்டி வைத்திருந்தார்கள், ஆனால் ஆணியை யார் பார்த்தார்கள்? மாமியார் அக்காவைத்தான் பார்த்தார்.

நாத்தனார் மகள் பவித்ராவும் அக்காவின் மகனும் ஒரே வயது. ஒரே வருஷம் பிளஸ் டூ எழுதினார்கள். அவளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவன் இரண்டு பாடத்தில் போய், பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் செல்போனுக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தான். அந்தச் சீசனுக்கு அவர்கள் வந்தபோது வீட்டில் எல்லாருமே அக்காவின் முகத்தைத்தான் கவனித்தார்கள். அவள் சிரித்த முகமாகச் சொதி வைத்தாள். மாமியாருக்கு அந்தச் சிரிப்பே சந்தேகமாக இருந்தது.

ஐந்தருவிக்கு எல்லாரும் போனோம். பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் பின்னால் வருகிறவர்கள் முதுகில் ஏறுகிறார்கள். தண்ணீர் தலையில் விழும்போது காது கேட்பதில்லை. குளித்துவிட்டு வெளியே வந்து தலை துவட்டும்போது அக்கா பவித்ராவின் கையைப் பிடித்தாள். சுற்றிலும் நாங்கள் எல்லாரும் நிற்கிறோம்.

“ஏட்டி பவி, நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு கெழவி தண்ணிக்குள்ள வர பயந்து நடுங்கிக்கிட்டு நின்னா. நீ உன் எடத்த விட்டுட்டு அவள முன்னால நிறுத்தி, தலையில தண்ணி மொத்தமா விழாம உன் கைய மேல வச்சுத் தடுத்தியே. யாரும் சொல்லிக் குடுத்து வராதுட்டி அது. நீ டாக்டராவ வேண்டியவதான்.”

அந்தப் பெண் அழுதுவிட்டாள். மார்க்கைச் சொல்லி அவளை நூறு பேர் பாராட்டியிருப்பார்கள், இதை யாரும் சொன்னதில்லை போல. நாத்தனார் அவசரமாக மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அப்புறம் மங்குஸ்தான் பழம் வாங்கப் படியிறங்கினோம். மழையில் ஊறிய படிக்கட்டு, பாசி. பவித்ரா போட்டிருந்தது உயரக் குதிகால் செருப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம். விழுந்தாள். கணுக்காலில் எலும்பு விலகி, மாவுக்கட்டு. கல்லூரி திறக்கும்போது கட்டோடுதான் போக வேண்டும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வருகிற வழியில் காரில் செருப்பைப் பற்றி நான் வாயெடுத்தேன், என் கணவர் என் தொடையில் கிள்ளினார்.

சாயங்காலம் மாமியார் புறவாசலில் தேங்காய்ச் சிரட்டையைப் பற்ற வைத்தார். பவித்ராவை ஸ்டூலில் உட்கார வைத்து, உப்பு, வத்தல் மிளகாய், முச்சந்தி மண் எல்லாம் சேர்த்து மூன்று தடவை சுற்றி நெருப்பில் போட்டார். மிளகாய் கருகி நெடி அடித்து எல்லாரும் இருமினால் கண்ணேறு இல்லை. நெடியே வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வழக்கத்தில் அதுதான் பரிசோதனை. போட்டார். மிளகாய் கறுத்தது. நாங்கள் நின்றோம். யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

“பாத்தியளா? ஒரு கமறல் உண்டுமா பாத்தியளா?” என்றார் மாமியார். குரலில் துக்கத்தை விட வெற்றி அதிகமாக இருந்தது.

அந்த நேரத்தில் கிழக்கு வீட்டிலிருந்து சத்தம். அங்கே ஒரு டீச்சர் இருந்தார். மதிலுக்கு மேலே அவர் தலை தெரிந்தது. கண்ணெல்லாம் சிவந்து, மூக்கில் முந்தானை.

“யாரும்மா அங்கன மொளகாயச் சுடுதது? வீட்ல மனுசன் இருக்க வேண்டாமா? எங்க வீட்ல அத்தன பேரும் இருமிக்கிட்டுக் கெடக்கோம்!”

சாரல் நேரத்தில் மேற்கே மலையிலிருந்து அடிக்கிற காற்று தென்காசியில் பிறந்த கைக்குழந்தைக்கும் தெரியும். கோயில் வாசலில் நின்றால் வேட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் காற்று எங்கள் புறவாசல் வழியாக, எங்கள் மிளகாயின் நெடியை எல்லாம் வாரிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குள் போயிருக்கிறது. எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது.

“அத்த, காத்து அங்கன அடிக்கி. நெடியெல்லாம் அவங்க வீட்டுக்குப் போயிட்டு. கண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றேன்.

மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அந்த டீச்சருக்கு எப்பவும் இருமல்தான்” என்றார்.

இதற்கு மேல் என்ன செய்ய? நாத்தனார் கூடத்தில் உட்கார்ந்து தன் பெரிய அண்ணனிடம், “அண்ணே, மதினி மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பாப்பா கிளம்பும்போது அவங்க முன்னால நிக்க வேண்டாம். இனிமே அவளைப் பத்தி எதுவும் பேசவும் வேண்டாம்” என்றாள். அக்காவின் கணவர் தலையை ஆட்டினார். அவர் எதற்கும் தலையை ஆட்டுகிறவர். அக்கா அடுப்பங்கரையில் அவர்கள் வழிக்குப் போட்டுக் கொடுக்க முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். அத்தனையும் அவள் காதில் விழுந்தது. ஒரு முறுக்கும் கருகவில்லை.

அவர்கள் போன பிறகு என் கோபம் முழுவதும் அக்கா பக்கம் திரும்பியது. “ஒங்களுக்கு வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா? ஒங்களுக்கு என்ன தலையெழுத்து? உங்க புள்ள கடையில நிக்கான், நீங்க அவ புள்ளைக்கு சர்டிபிகேட் குடுக்கீக. மானம், ரோசம் எதுவும் கெடையாதா? பொறாமைகூடவா வராது ஒரு மனுஷிக்கு?”

அவள் எண்ணெய்ச் சட்டியைத் தேய்ப்பதை நிறுத்தினாள்.

“எனக்கா? ஏட்டி, உங்க எல்லாரோட பொறாமையையும் சேத்து வச்சாலும் எனக்கு இருக்குத அளவுக்குக் காணாது. அவளுக்கு சீட்டு கெடச்சிட்டுன்னு போன் வந்த அன்னைக்கு, சந்தோசம்னு சொல்லிட்டுப் போன வச்சேன். திரும்பிப் பாத்தா நம்ம பய கடைக்குப் போவச் சட்ட தேச்சிக்கிட்டு நிக்கான். பொறவாசல்ல போயி தொவைக்குத கல்லுல உக்காந்துட்டேன். வயித்துல தீயி. அந்தப் புள்ளைக்கு எதாச்சும் ஆனாத் தேவலன்னு ஒரு நெனப்பு வந்துச்சு பாத்துக்கோ. வந்தது போவல. நாள்கணக்கா உள்ளயே கெடந்துச்சு.”

நான் போய் அடுப்பங்கரைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

“சின்னதுலேருந்தே எனக்கு அப்படித்தான். யாரப் பாத்தாலும் எரியும். அதுக்கு ஒரே வழிதான் எனக்குத் தெரியும். அவங்கள நல்லாப் பாத்து, ஒரு நல்லதக் கண்டுபிடிக்கணும். பொய்யாச் சொன்னா எரிச்சல் எறங்காது. நெசமாவே இருக்கணும். இருக்கும்ட்டி, தேடுனா எல்லார்ட்டயும் இருக்கும். அத வாய்விட்டுச் சொல்லிட்டா வயிறு ஆறிரும். அன்னைக்கு அருவில அதச் சொன்னேன்லா, சொன்ன ஒடனே அந்தக் கெட்ட நெனப்பு அத்துப் போச்சு. மங்குஸ்தான் கடைக்கு நடக்கும்போது எம்புள்ள மாதிரியே தோணிச்சு அவ. அதுக்குப் பெறவுதான் விழுந்தா. என் கண்ணு பட்டு விழணும்னா அதுக்கு முன்னாலல்லா விழுந்திருக்கணும்?”

“இத அத்தகிட்ட சொல்ல வேண்டியதுதான?”

“எத? அவ நாசமாப் போவணும்னு நெனச்சேன்னு சொல்லவா? விடுட்டி, இனி யாரப் பத்தியும் நான் வாயத் தொறக்கல.”

எனக்குச் சட்டியைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. யார் மேல் எறிவது என்பதுதான் தெரியவில்லை.

அக்கா சொன்னால் சொன்னதுதான். அன்றோடு வாயை மூடினாள். அடுத்த சீசனில் நாத்தனார் வந்தாள், கார் வந்தது, ஈரத் துண்டுகள் வந்தன. அக்கா யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. “மதினி இப்பதான் பக்குவமா இருக்காங்க” என்றாள் நாத்தனார். எனக்குத்தான் பயமாக இருந்தது. பாத்திர மூடிகள் சத்தமாக விழ ஆரம்பித்தன. எதிர்வீட்டுக்காரி சேலையைப் பார்த்து அக்கா முதன்முதலாக, “எவ்வளவாம்?” என்று கேட்டாள். டீச்சர் மகளுக்கு வங்கியில் வேலை கிடைத்த செய்தி வந்தபோது, “பாப்போம், எத்தன நாளைக்கின்னு” என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள். எங்கள் எல்லாரையும் போலவே ஆகிக்கொண்டிருந்தாள்.

பவித்ரா கால் சரியாகி வந்திருந்தாள். அடுப்பங்கரை வாசலில் வந்து நின்று, “பெரியத்தை, எங்க காலேஜ் ஆஸ்பத்திரியில ஒரு தாத்தா ஊசின்னா கத்துவாரு. நான் கையப் பிடிச்சுக்கிட்டா மட்டும் கத்த மாட்டாரு” என்றாள். சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றாள்.

அக்கா சொதியைக் கிண்டினாள். “ம். நல்லது தாயி” என்றாள். தலை நிமிரவில்லை. அந்தப் பெண் கொஞ்ச நேரம் கதவு நிலையைச் சுரண்டிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. சரி, அந்த வைத்தியத்தை நானாவது செய்து பார்க்கிறேன் என்று இறங்கினேன். நாத்தனாரிடம் ஒரு நல்லதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. கடைசியில் அகப்பட்டது. ஒவ்வொரு தடவை வரும்போதும் தரையில் உட்கார்ந்து தன் அம்மாவின் கால் நகத்தை வெந்நீரில் ஊற வைத்து வெட்டிவிடுவாள். நகப்பூச்சு கெடுமே என்று பார்க்க மாட்டாள். அதை அவளிடமே சொன்னேன். சொல்லி வழக்கமில்லையா, குரல் சண்டைக்குப் போகிற மாதிரி வந்தது.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “என்ன வேணும் உங்களுக்கு?” என்றாள்.

அன்று சாயங்காலம் மாமியார் மகளுக்கு மிளகாய் சுற்றினார். இந்தத் தடவை என் கண்ணுக்காக. எரிச்சல் இறங்கியதா என்று கேட்டால், கொஞ்சம் இறங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். அவளுடைய காரைப் பார்த்தால் இப்போதும் எரிகிறது. அவள் தரையில் உட்காருவதைப் பார்த்தால் எரிவதில்லை.

அதற்கடுத்த வருஷம் அக்காவின் மகனுக்குத் திருப்பூரில் நல்ல வேலை அமைந்து, அப்பா அம்மாவைத் தன்னோடு வரச் சொல்லிவிட்டான். அந்தச் சமயத்தில்தான் நான் ஸ்கூட்டர் வாங்கியிருந்தேன். நாற்பது வயதுக்கு மேல் மைதானத்தில் விழுந்து எழுந்து, முழங்கால் தேய்ந்து கற்றுக்கொண்டது. என் கணவர் மைலேஜ் கேட்டார். நாத்தனார் வீடியோ காலில் பார்த்து, “இந்தக் கலர்தான் இருந்துச்சா?” என்றாள். மாமியார் முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார். அக்கா வந்தாள். சுற்றிப் பார்த்தாள். சீட்டிலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். உள்ளே போய்விட்டாள். நான் வாசலிலேயே நின்றேன்.

கிளம்புகிற அன்று சாமான்களும் அவள் கணவரும் ஆட்டோவில் போனார்கள். அக்காவை நான் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அவள் என் தோளைப் பிடித்திருந்தாள். இறங்கியதும் என்னையும் வண்டியையும் பார்த்தாள். வாய் திறந்தது. மூடிக்கொண்டாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர் சொன்னதை அவளும் நம்ப ஆரம்பித்திருந்தாள்.

“இங்கன பாருங்கக்கா” என்றேன்.

“வேண்டாம்ட்டி. புது வண்டி.”

“எதாச்சும் சொல்லிட்டுப் போங்க.”

“வேண்டாம்ட்டி, சும்மா இரு.” பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல் முன் சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் கூடவே வந்தது. வண்டியைத் திருப்பினேன். பஸ் நகர்ந்தது.

“ஏட்டி!”

திரும்பினேன். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பு தெரிந்தது. பஸ் ஸ்டாண்டே பார்க்கிற மாதிரி கத்தினாள்.

“எவ்வளவு கோவக்காரி நீ! வழியெல்லாம் ஆடு, மாடு, ஆட்டோ! வீட்ல இருந்து இங்கன வர ஒரு ஹாரன் அடிக்கலயேட்டி!”

எனக்கே அது தெரியாது. யோசித்துப் பார்த்தால் உண்மைதான், நான் அடிக்கவில்லை. பஸ் வளைவில் திரும்புகிற வரைக்கும் அவள் கை வெளியே ஆடிக்கொண்டிருந்தது.

பாதி வழியில் பின் டயர் இறங்கியது. சாரலில் நனைந்து, அந்தக் கனத்தை வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தேன். வாசலிலேயே மாமியார் நின்றார். என்ன நடந்தது என்று கேட்டார். எதையும் மறைக்காமல் சொன்னேன்.

“பாத்தியா? போற போக்குலயும் வச்சிட்டுப் போயிட்டா. நில்லு, மொளகா எடுத்துட்டு வாரேன்.”

“வேண்டாம் அத்த,” என்றேன். “சுத்தாதீக. அது எம்மேலயே கெடக்கட்டும்.”